வெள்ளோட்டத்தில் ஏறியவர் எந்த வழியாக இறங்குவது?

2010-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி முதல் உலகத்தில் பல வீடுகளில் ஒரு விசித்திரம் ஆரம்பமாயிற்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாகவே அணைந்து போயிற்று. மின்சாரம் தடைப்படவில்லை. இயந்திரத்தில் பழுது இல்லை. வைரஸ் எதுவும் தொற்றவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தினால் உயிர் வரும். இரண்டு மணி நேரம் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு கண்ணை மூடிவிடும். எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைச் சேமித்து வைக்க மறந்தவர் பாடு திண்டாட்டந்தான். ஜூன் 1-ந் தேதியோடு அந்தத் தவணையும் தீர்ந்தது.

அந்தக் கம்ப்யூட்டர்களில் இருந்தது, விண்டோஸ் 7 என்ற இயங்குதளத்தின் வெள்ளோட்டப் பதிப்பு. கம்ப்யூட்டருக்கு இயங்குதளம் அஸ்திவாரம் மாதிரி. கடிதம் எழுதும் மென்பொருளும், கணக்குப் போடும் மென்பொருளும், பாட்டுக் கேட்கும் மென்பொருளும் அதன்மேல்தான் நிற்கின்றன. அதைத் தயாரிக்கும் கம்பெனிகள், சரக்கைக் கடைக்கு அனுப்புவதற்குச் சில மாதங்கள் முன்னாலேயே பொது ஜனங்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுகின்றன. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுவதில்லையா, அதே கதைதான். முதலில் வருவதற்கு பீட்டா என்று பெயர். ஏறக்குறைய வேலை முடிந்த நிலையில் வருவதை ரிலீஸ் கேண்டிடேட் என்பார்கள். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் கெடு உண்டு. கெடு முடிந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தது.

இதில் ஏறுவது சுலபம். இறங்குவதில்தான் சங்கடமெல்லாம் இருக்கிறது. வெள்ளோட்டம் முடிந்து உண்மையான பதிப்பு வந்ததும், அதுவரை சோதித்துக் கொடுத்தவன் தன் கோப்புகளோடும் மென்பொருள்களோடும் நேரே அதில் போய்ச் சேர வழி உண்டா? வா என்று அழைத்த கம்பெனிக்கு அந்த வழியை அமைத்துத் தரும் கடமை உண்டா? உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

கூட்டம் நெரிந்த நாள்

விண்டோஸ் 7 விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2009 ஜனவரி 7-ந் தேதி அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மின்னணுக் கண்காட்சியில், மைக்ரோசாப்ட் தலைவராக அப்போது இருந்த ஸ்டீவ் பால்மர் அதன் பீட்டா பதிப்பைப் பற்றி அறிவித்தார். 9-ந் தேதி முதல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். முதலில் வரும் 25 லட்சம் பேருக்குத்தான் கிடைக்கும் என்று ஏற்பாடு. அன்றைக்கு வந்து மோதிய கூட்டத்தில் கம்பெனியின் சர்வர்கள் திணறிப் போயின. விநியோகத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டுக் கூடுதல் சர்வர்களைக் கொண்டுவந்தார்கள். 25 லட்சம் என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

இத்தனை ஆவலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த விஸ்டா என்ற பதிப்பு நல்ல பெயர் எடுக்கவில்லை. கனமானது, மந்தமானது, பழைய அச்சு இயந்திரங்களோடும் மற்றக் கருவிகளோடும் ஒத்துப் போகாதது என்று அதன்மேல் ஆயிரம் புகார்கள். பலர் அதைத் தொடாமல் 2001-ல் வந்த எக்ஸ்பியையே கட்டிக்கொண்டு காலந் தள்ளினார்கள். ஆகவே புதுப் பதிப்பைக் காண ஜனங்களுக்கு ஆசை. இழந்த மதிப்பை மீட்டாக வேண்டிய நிர்ப்பந்தம் கம்பெனிக்கு. விருந்துக்கு வந்தவர்களின் அவசரத்தைவிட விருந்து வைத்தவர்களின் அவசரம் அதிகம் என்று சொன்னால் தவறில்லை.

கம்பெனிக்குக் கிடைத்த லாபம் என்ன? உலகத்தில் எத்தனை விதமான கம்ப்யூட்டர்கள், எத்தனை விதமான உதிரிப் பாகங்கள், எத்தனை பழைய ஸ்கேனர்கள்! இவற்றையெல்லாம் ரெட்மண்ட் நகரத்து ஆய்வுக் கூடத்தில் வாங்கி அடுக்கிப் பார்ப்பது எந்தக் குபேரனாலும் ஆகாத காரியம். லட்சக்கணக்கான வீடுகளில் பீட்டா ஓடும்போது, எங்கே எது முறிந்தாலும் அந்த முறிவைப் பற்றிய விவரம் இணையத்தின் வழியே கம்பெனிக்குப் போய்ச் சேருகிறது. சம்பளம் இல்லை, படி இல்லை, போனஸ் இல்லை. இலவசமாகப் பதிப்புக் கிடைத்தது என்று பயனாளர் சந்தோஷப்படுகிறார். இலவசமாக உழைப்புக் கிடைத்தது என்று கம்பெனி சந்தோஷப்படுகிறது. இரண்டு சந்தோஷங்களில் எது பெரியது என்று கணக்குத் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டியதில்லை.

ஆபத்தும் பயனாளர் தலையில்தான். அந்த பீட்டாவிலேயே ஒரு கோளாறு இருந்தது. எம்பி3 பாட்டுக் கோப்புகளில் விடுபட்ட விவரங்களையும் ஆல்பத்தின் அட்டைப் படத்தையும் விண்டோஸ் மீடியா பிளேயர் தானாகவே சேர்க்கும். அப்படிச் சேர்க்கையில் சில கோப்புகளில் பாட்டின் சில வினாடிகளை வெட்டித் தள்ளிவிட்டது. வெட்டினது வெட்டினதுதான், திரும்ப வராது. கம்பெனி உடனே திருத்தம் கொடுத்தது, முன்னெச்சரிக்கையும் செய்தது. வாஸ்தவம். ஆனால் எச்சரிக்கையைப் படிக்குமுன் பாட்டைத் திறந்தவன் என்ன செய்வான்?

அடைத்த கதவு

இவ்வளவுக்கும் பிறகு, 2009 மே 5-ந் தேதி ரிலீஸ் கேண்டிடேட் எல்லோருக்கும் வந்தது. பீட்டாவில் நாலு மாதம் ஓட்டியவர்கள், அப்படியே அதற்கு மாறிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தார்கள். முடியாது என்று விண்டோஸ் தயாரிப்புக் குழு ஏப்ரல் மாதமே பகிரங்கமாகத் தெரிவித்துவிட்டது. பழைய விஸ்டாவுக்குத் திரும்பிப் போய், அங்கேயிருந்து ரிலீஸ் கேண்டிடேட்டுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் புதிதாக நிறுவிக்கொள்ள வேண்டும். அக்டோபர் 22-ந் தேதி விற்பனைப் பதிப்பு கடைக்கு வந்தபோதும் இதே கதை. ரிலீஸ் கேண்டிடேட்டிலிருந்து நேர்வழி கிடையாது.

புதிதாக நிறுவுவது என்றால் என்ன என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குடி மாறுகிற மாதிரிதான் அது. சாமான்களைப் பத்திரமாய் வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். பழைய கோப்புகளை விண்டோஸ்.ஓல்ட் என்ற பெயரில் ஓர் அறையில் ஒதுக்கி வைக்க அந்த இயங்குதளத்தில் வசதி இருந்தது என்றாலும், நிறுவியிருந்த மென்பொருள்கள் பிழைக்க மாட்டா. ஒவ்வொன்றின் டிவிடியையும் தேடி எடுத்து, அதன் உறையில் உள்ள நீளமான எண்ணைத் தப்பில்லாமல் அடித்து, அச்சு இயந்திரத்துக்கு உரிய மென்பொருளை இறக்கி, மின்னஞ்சலைச் சரிசெய்து முடிக்கும்போது ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கும். உறையைத் தொலைத்தவர்களின் கதி இன்னும் மோசம்.

இதற்குக் கம்பெனி சொன்ன காரணத்தைப் பாரபட்சமில்லாமல் கவனிக்க வேண்டும். ஏனென்றால் அது அசட்டுக் காரணம் அல்ல. கடையில் விண்டோஸ் 7-ஐ வாங்கப் போகிற கோடிக்கணக்கானவர்கள் விஸ்டாவிலிருந்தோ எக்ஸ்பியிலிருந்தோதான் வருவார்கள், பீட்டாவிலிருந்து அல்ல. ஆகவே விஸ்டாவிலிருந்து மாறும் வழியைத்தான் சோதிக்க வேண்டும். பீட்டாவிலிருந்து மாறுகிற வழியில் மட்டும் தலைகாட்டும் கோளாறுகளைத் துரத்திக்கொண்டு போனால், வாடிக்கைக்காரர் எவரும் என்றும் பார்க்கப் போகாத கோளாறுகளுக்காகப் பொறியாளர்களின் பொழுது வீணாகும். பாதி கட்டிய வீட்டில் தண்ணீர்க் குழாய் எங்கெங்கே தாற்காலிகமாகப் போட்டிருந்தார்கள் என்று முடிந்த வீட்டுக்குப் படம் போட முடியுமா? பீட்டாவுக்குள் எழுதி வைத்த அமைப்புகள் பல, அடுத்த பதிப்பில் வேறு உருவம் பெற்றுவிடும். அவற்றையெல்லாம் சுமந்துகொண்டு வந்தால் கோளாறும் கூடவே வரும்.

நியாயமான வாதம். ஆனால் அந்தக் கதவு எப்படிப்பட்ட கதவு என்று பார்த்தால் வாதத்தின் பலம் கொஞ்சம் குறைந்துபோகிறது. டிவிடியில் சோர்சஸ் என்ற போல்டரில் சிவெர்ஷன்.ஐஎன்ஐ என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. எந்த எண்ணுக்குக் குறைந்த பதிப்பிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது என்று அதில் ஒரு வரி. அந்த வரியில் உள்ள எண்ணை, 7100 என்பதை 7000 என்று, மாற்றிவிட்டால் போதும், கதவு திறந்துகொள்ளும்! பீட்டாவிலிருந்து ரிலீஸ் கேண்டிடேட்டுக்கு அப்படியே மேம்படுத்திக்கொள்ளலாம். இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது யாரோ ஒரு கள்ளன் அல்ல. கதவை அடைத்த அதே அறிவிப்பில், அத்தியாவசியமானவர்கள் இப்படிச் செய்துகொள்ளலாம், ஆனால் அதற்குக் கம்பெனி ஜவாப்தாரி அல்ல என்று தயாரிப்புக் குழுவே எழுதியிருந்தது.

சாவியை வாசற்படியிலேயே வைத்தது பெருந்தன்மை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும், எழுத்துக் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றத் தெரிந்த நிபுணனுக்கு ஒரு வழி, தெரியாத குமாஸ்தாவுக்கு ஒரு வழி என்றாகிவிட்டது அல்லவா? ஒருவருமே தாண்ட முடியாத சுவர் என்றால் மனம் ஆறும். தெரிந்தவன் தாண்டலாம், தெரியாதவன் சுற்றிக்கொண்டு போகலாம் என்பது வேறு விஷயம். சோதனையில் ஏறும்போது இருவரையும் ஒரே வாசல் வழியாகத்தானே அழைத்தார்கள்!

விலையிலும் சோதித்துக் கொடுத்த பொதுஜனத்துக்கென்று சலுகை ஒன்றும் இல்லை. ஹோம் பிரீமியம் என்ற சாதாரண வீட்டுப் பதிப்பின் முழு விலை 199 டாலர் 99 சென்ட். பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு 119 டாலர் 99 சென்ட். 2009 ஜூன் கடைசியில் இரண்டு வாரத்துக்கு அமெரிக்காவில் 49 டாலர் 99 சென்ட்டுக்கு முன்பதிவு எடுத்தார்கள். அது சோதித்தவருக்கும் கிடைத்தது, சோதிக்காமல் வேடிக்கை பார்த்தவருக்கும் கிடைத்தது.

காசு கொடுத்து வாங்கிய வெள்ளோட்டம்

இந்த இடத்தில் ஆப்பிள் கம்பெனியின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வரத் தக்கது. 2000 செப்டம்பரில் மேக் ஓஎஸ் எக்ஸ் என்ற புதிய இயங்குதளத்தின் பொது பீட்டாவை அவர்கள் இலவசமாகக் கொடுக்கவில்லை. 29 டாலர் 95 சென்ட்டுக்கு விற்றார்கள். முடியாத சரக்குக்கு விலையா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. அதற்கும் கெடு இருந்தது: 2001 மே 15. ஆனால் மார்ச் 24-ந் தேதி முழுப் பதிப்பு 129 டாலர் விலையில் வெளிவந்தபோது, பீட்டாவை வாங்கியவர்களுக்கு 30 டாலர் தள்ளுபடி கிடைத்தது. அதாவது கொடுத்த பணம் கைக்குத் திரும்பியது. கறாரான வியாபாரிதான், ஆனால் கணக்கை நேர் செய்த வியாபாரி.

இன்னொரு பக்கம் உபுண்டு. 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது முதல் வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு பதிப்புகள் வெளியிடுகிறார்கள். அதன் பீட்டாவை இன்றைக்கு நிறுவிக்கொண்டவர், அவ்வப்போது வரும் திருத்தங்களை ஏற்றுக்கொண்டே வந்தால் போதும். வெளியீட்டு நாளன்று அவர் கம்ப்யூட்டரில் இருப்பது முழுப் பதிப்புதான். டிவிடி மாற்ற வேண்டாம், எண் அடிக்க வேண்டாம், வீட்டைக் காலி செய்ய வேண்டாம். காரணம் எளிது. உபுண்டுவின் ஒவ்வோர் அங்கமும் தனித்தனிப் பொட்டலமாக ஒரே களஞ்சியத்திலிருந்து வருகிறது. பழசை எடுத்துவிட்டுப் புதுசை வைக்கிற வேலை அங்கம் அங்கமாக நடக்கிறது. பீட்டா என்பது அந்தப் பாதையில் ஒரு மைல் கல், அவ்வளவே. விற்பனைச் சரக்கு அல்லாததால் கெடு வைத்துப் பூட்ட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. விண்டோஸின் பழைய கட்டுமானம் வேறு, அதை இதோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது உண்மைதான். என்றாலும் வழி வைத்துக் கட்டினால் வழி இருக்கும் என்பதற்கு அத்தாட்சி கண்முன்னே இருக்கிறது.

பயனாளர்களும் சாதுக்கள் அல்ல. வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில் பிள்ளையின் கல்லூரி ஆய்வேடும் அப்பாவின் வருமான வரிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும். நகல் ஒன்றும் எடுத்து வைக்காமல், புதுசு என்ற ஒரே ஆசையில் வெள்ளோட்டப் பதிப்பை அதில் ஏற்றுவது துணிச்சல் அல்ல, அசிரத்தை. கெடு தேதியைக் கம்பெனி மறைக்கவும் இல்லை. அணையத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே திரையில் நினைவூட்டல் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிக்கொண்டே வந்தவர்களுக்காக யார் கண்ணீர் விடுவது?

வார்த்தை மாறிய கதை

2014-ல் மைக்ரோசாப்ட் தன் முறையையே மாற்றிக்கொண்டது. விண்டோஸ் 10-க்காக இன்சைடர் என்ற திட்டத்தைத் தொடங்கி, சோதனைப் பதிப்புகளை மாதக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக, கோப்புகளும் மென்பொருள்களும் கலையாமல் மேம்படுத்திக்கொள்ள வழி செய்தது. 2009-ல் ஆகாது என்றது 2014-ல் ஆகிவிட்டது! வெளியீட்டுச் சமயத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். பாராட்ட வேண்டிய மாறுதல்.

ஆனால் இறங்கும் நேரம் வந்ததும் பழைய குழப்பம் புது வேஷத்தில் வந்தது. 2015 ஜூன் மாதம், சோதனை செய்தவர்கள் இறுதிப் பதிப்பைப் பெறுவார்கள், அது செயல்பாட்டு அனுமதியோடும் இருக்கும் என்கிற பொருளில் கம்பெனியின் பொறுப்பாளர் ஒருவர் எழுதினார். அப்படியானால் பழைய விண்டோஸை விலைக்கு வாங்காதவர்களுக்கும் விண்டோஸ் 10 இலவசமா என்று உலகமே கேட்டது. சில நாட்களுக்குள் அந்த வார்த்தைகளைத் திருத்தினார்கள். விண்டோஸ் 7 அல்லது 8.1-ஐ முறைப்படி வைத்திருந்து மாறியவர்களுக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் தொடர்ந்து சோதனைக்காரர்களாகவே இருந்தால் பதிப்புகள் வந்துகொண்டிருக்கும் என்று விளக்கம் வந்தது. இறங்க வேண்டுமானால் டிக்கெட் எடு, இல்லையேல் வண்டியிலேயே உட்கார்ந்திரு என்று அர்த்தம். கொள்கையில் குற்றம் இல்லை. ஏறும்போதே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை இறங்கும் இடத்தில் சொன்னதுதான் குற்றம்.

சோதித்தவனுக்கு வழி மட்டும் போதாது, அவன் சொல்லுக்குச் செவியும் வேண்டும் என்பதை 2018 காட்டிற்று. அந்த வருஷம் அக்டோபர் 2-ந் தேதி வெளியிட்ட விண்டோஸ் 10 மேம்படுத்தல், சிலருடைய டாக்குமெண்ட்ஸ் போல்டரில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. அந்தப் போல்டரை வேறு இடத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டவர்களின் கம்ப்யூட்டரில், பழைய இடம் காலியாகத்தான் இருக்கும் என்று எண்ணித் துடைத்துவிட்டது அந்த நிரல். காலியாக இல்லாதவர்கள் பறிகொடுத்தார்கள். நாலே நாளில் விநியோகத்தை நிறுத்தி, நவம்பர் 13-ந் தேதிதான் மறுபடி வெளியிட்டார்கள். இழப்பைத் தெரிவித்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்று கம்பெனி கணக்குச் சொன்னது. பறிகொடுத்தவனுக்கு இந்தக் கணக்கு என்ன ஆறுதல்?

இதில் மனத்தை உறுத்துவது என்னவென்றால், வெள்ளோட்டத்தில் இருந்தவர்கள் சிலர் இந்தக் கோளாற்றை வெளியீட்டுக்கு முன்பே எழுதித் தெரிவித்திருந்தார்கள். ஆனால் கம்பெனியின் புகார்ப் பெட்டியில், மற்றவர்கள் எத்தனை பேர் ஆதரவு தெரிவிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு புகாருக்கு மதிப்பு. ஐகான் அழகாயில்லை என்ற குறைக்கு ஆயிரம் பேர் கை தூக்குவார்கள். என் கோப்புகள் போய்விட்டன என்ற அலறலுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் எதற்குக் கை தூக்கப் போகிறான்? அவன் கோப்புகள்தான் போகவில்லையே! அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், கோளாறு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடவும் புகார்ப் படிவத்தில் ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

வெள்ளோட்டத்துக்கு அழைக்கிற கம்பெனி, ஏறும் வாசலில் ஒட்டுகிற விளம்பரத்தின் அளவிலேயே இறங்கும் வழியையும் எழுதி ஒட்டட்டும். நேரே மாறலாமா, புதிதாக நிறுவ வேண்டுமா, பணம் கட்ட வேண்டுமா, எந்தத் தேதியில் அணையும் என்ற நாலு வரி போதும். நேர்வழி அமைக்க முடியுமானால் அமைக்கட்டும். முடியாவிட்டால், உழைத்துக் கொடுத்தவனுக்கு விலையிலாவது ஏதேனும் விட்டுக் கொடுக்கட்டும்.

2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது முன்கூட்டிச் சொல்லும் காரியத்தை மட்டும் மைக்ரோசாப்ட் செய்தது. புதிய பதிப்புக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும் என்று நிபந்தனை. அந்தத் தகுதி இல்லாத கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு முன்பிருந்தே டெவ் என்ற தடத்தில் சோதித்து வந்தவர்களை உடனே வெளியேற்றவில்லை. விற்பனைப் பதிப்பு வரும் வரை சோதனைப் பதிப்புகளை ஓட்டிக்கொள்ளலாம். வந்த பிறகு விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும் என்று ஜூன் மாதமே தெரிவித்தார்கள். அக்டோபர் 5-ந் தேதி விண்டோஸ் 11 வெளியாயிற்று. கோடைகாலம் முழுவதும் அதைச் சோதித்துக் கொடுத்த அந்தக் கம்ப்யூட்டர்கள், ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டு பழைய பதிப்புக்கே திரும்பின. அந்த விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது.